முட்டை அட்டையைக் கீழே வையுங்கள்!

வாசகர் கேள்விகளுக்கு ஒரு சவுண்ட் இன்ஜினியரின் பதில்கள்

வசதியில்லாத பகுதிகளில் பிள்ளைகளுக்காக ஒரு சின்ன ரிக்கார்டிங் அறை அமைப்பது பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதினேன். கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. பாதிக் கடிதங்களில் மைக் என்ன விலை என்பதுதான் கேள்வி. மைக் கடைசி. கதவிலிருந்து தொடங்குவோம்.

எங்கள் தெரு நூலகத்துக்குப் பக்கத்தில், தரைத்தளத்தில், 10க்கு 10 அறை ஒன்று எங்கள் மன்றத்துக்குக் கிடைத்திருக்கிறது. உயரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கானா பாடுகிறவர்கள், ராப் எழுதுகிறவர்கள் என்று இருபது பிள்ளைகள் இருக்கிறார்கள். சுவர் முழுக்க ஒட்டுவதற்காகக் கடை கடையாக ஏறி முட்டை அட்டை சேர்த்துக்கொண்டிருக்கிறோம். எத்தனை அட்டை தேவைப்படும், அக்கா?
— ஒரு வாசகர், வியாசர்பாடி

ஒன்றுகூட வேண்டாம், தம்பி. சேர்த்ததைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அந்த அறையில் இரண்டு வேலைகள் ஆக வேண்டும். உள்ளே போடுகிற சத்தம் வெளியே போகக்கூடாது, வெளிச் சத்தம் உள்ளே வரக்கூடாது என்பது ஒன்று. உள்ளே எழும் சத்தம் சுவருக்குச் சுவர் மோதிக் குழம்பக்கூடாது என்பது இன்னொன்று. முதல் வேலைக்கு எடை வேண்டும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டு பக்கமும் பூசியிருந்தால் சுமார் 50 டெசிபல் தடுத்துவிடும். இரண்டாவது வேலைக்கு, காற்று உள்ளே புகுந்து சிக்கிக்கொள்கிற மாதிரியான தடித்த பஞ்சு வேண்டும். முட்டை அட்டையில் எடையும் இல்லை, தடிமனும் இல்லை. கீச்சுச் சத்தத்தைக் கொஞ்சம் சிதறடிக்கும், அவ்வளவுதான். ஆனால் தீ மட்டும் நன்றாகப் பிடிக்கும். கடையில் 'ஸ்டூடியோ ஃபோம்' என்று விற்கிற மலிவான கறுப்பு ஸ்பாஞ்சும் அப்படித்தான். 2013 ஜனவரியில் பிரேசிலின் சான்டா மரியா நகரத்தில் ஒரு இசைக் கிளப்பில் மேடை வாணவேடிக்கையின் பொறி கூரையில் ஒட்டியிருந்த ஃபோமில் பட்டது. 242 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் அந்த நச்சுப் புகையால். ஒரே வாசல் உள்ள அறையில் இருபது பிள்ளைகளை உட்கார வைக்கப்போகிறீர்கள். அதை நினைத்துக்கொண்டு பொருள் வாங்குங்கள்.

சுவர் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சத்தம் எங்கே ஒழுகும்? ஓட்டையில். 100 சதுர அடிச் சுவரில் ஒரே ஒரு சதுர அடி வென்டிலேட்டர் திறந்திருந்தால் போதும். மற்ற 99 சதுர அடியும் கோட்டைச் சுவராக இருந்தாலும் மொத்தத்தில் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. இது கணக்கு, யாராலும் பேரம் பேச முடியாது. அதனால் முதல் செலவு கதவுக்கு. உள்ளே பொள்ளலாக இருக்கிற ஃபிளஷ் டோர் வேண்டாம், கெட்டிக் கதவாகப் போடச் சொல்லுங்கள். நான்கு விளிம்பிலும் ரப்பர் பட்டை, அடியில் ஒரு மரப்படி. கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும்படி இருக்கட்டும்.

ஓட்டையையெல்லாம் அடைத்தால் மூச்சு முட்டுமே என்று கேட்பீர்கள். முட்டும்தான். அதற்கு, வென்டிலேட்டருக்கு வெளியே இரண்டு மூன்று வளைவுள்ள ஒரு மரப்பெட்டி செய்து, உட்புறம் ராக்வுல் (பாறையை உருக்கி இழைத்த, தீப்பிடிக்காத பஞ்சு) பதித்து, கடைசியில் ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள். காற்று வளைந்து போய்விடும், சத்தம் ஒவ்வொரு வளைவிலும் இளைக்கும். வெளிக்காற்று உள்ளே வரவும் இன்னொரு மூலையில் இதே மாதிரி ஒரு பெட்டி.

இனி இரண்டாவது வேலை. உங்கள் அறை நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருக்கிற கனசதுரம். ஒலிப்பதிவுக்கு இதைவிட மோசமான வடிவம் கிடையாது. 10 அடி இடைவெளியில் எதிரெதிர்ச் சுவர்கள் இருந்தால், நம் ஊர் வெயிலில் சுமார் 57 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 57 தடவை அதிர்கிற தாழ்ந்த சத்தத்தில், அறை தானாக முழங்கும். அப்புறம் 114இல். உங்கள் அறையில் மூன்று திசையிலும் இதே எண் வருவதால் மூன்று முழக்கமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ராப் பீட்டில் வருகிற பேஸ் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. அறை நடுவில் நின்று கேட்டால் பேஸே இல்லாத மாதிரி இருக்கும், சுவரோரம் போனால் காது அடைக்கும். பையன்கள் நடுவில் உட்கார்ந்து மிக்ஸ் செய்துவிட்டு, பாட்டை ஷேர் ஆட்டோவில் போட்டுக் கேட்கும்போது ஸ்பீக்கர் கிழிவது இதனால்தான்.

சுவரை இடித்துக் கட்டக் காசில்லை என்றால், நான்கு மூலையிலும் உயரத் தூண் மாதிரி ஓரடித் தடிமனுக்கு ராக்வுல் அடுக்கித் துணி போர்த்துங்கள். மிச்ச இடத்துக்கு 2க்கு 4 அடி மரச்சட்டத்தில் 50 மில்லிமீட்டர் ராக்வுல் வைத்த பேனல்கள், பத்துப் பன்னிரண்டு போதும். சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி மாட்டினால் அதே பஞ்சு இன்னும் தாழ்ந்த சத்தத்தையும் பிடிக்கும். ராக்வுல் உடம்பில் பட்டால் அரிக்கும், அடைக்கும்போது மூக்கையும் கையையும் மூடிக்கொள்ளுங்கள். மேலே போர்த்த நூல் துணி, சின்தெடிக் புடவை வேண்டாம். தரைக்கு ஒரு பவானி ஜமுக்காளம். மிக்ஸ் செய்கிறவர் நடுவில் உட்காராமல், முன்சுவரிலிருந்து சுமார் 4 அடி தள்ளி உட்காரட்டும்.

உங்கள் பகுதிக்கென்று தனியாக இரண்டு விஷயம். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் வெள்ளமும் நினைவிருக்கும். தரைத்தளம் என்கிறீர்கள். பிளக் பாயின்ட் எல்லாம் தரையிலிருந்து நான்கடிக்கு மேலே. பேனலும் மூன்றடிக்கு மேலேதான் தொடங்க வேண்டும். மூலைத் தூணில் அடி மூன்றடி மட்டும் கழற்றி எடுக்கிற மாதிரித் தனித் துண்டாக இருக்கட்டும். கம்ப்யூட்டருக்கு உயரத்தில் ஒரு அலமாரி வேண்டும், மழை எச்சரிக்கை வந்த அன்றே அதை மேலே ஏற்றிவிட ஒரு ஆளும் வேண்டும். இரண்டாவது, ரயில். ஜீவா ஸ்டேஷன் பக்கம் என்றால் தண்டவாள அதிர்வு தரை வழியாக வரும். எந்தப் பஞ்சும் அதை நிறுத்தாது. மைக் ஸ்டாண்டின் காலுக்கு அடியில் தடித்த ரப்பர், ரிக்கார்டிங்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. அப்படியும் கேட்டால் வண்டி போகும்வரை நிறுத்திவிட்டுப் பாடுங்கள். ஒரு மாதத்தில் பிள்ளைகளுக்கு ரயில்வே டைம்டேபிள் மனப்பாடம் ஆகிவிடும்.

எங்களிடம் 2 லட்சம் ரூபாய் நன்கொடை இருக்கிறது. என்னென்ன வாங்கலாம், எந்த கம்பெனி?
— ஒரு மன்றச் செயலாளர், தூத்துக்குடி

பாதியை அறைக்கு எடுத்து வையுங்கள். கதவு, காற்றுப் பெட்டி, பேனல், வயரிங். வயரிங்கில் கஞ்சத்தனம் கூடாது. தனி எர்த், 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கிற சுவிட்ச்). வியர்த்த கையோடு மைக்கைப் பிடிக்கிற பிள்ளைக்கு ஷாக் அடிக்காமல் காப்பது இந்த இரண்டும்தான். எர்த் சரியில்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியிலும் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் கூடவே வரும்.

மிச்சத்தில் முதலில் பழைய டெஸ்க்டாப் ஒன்று, 16 ஜிபி ராம் இருந்தால் நல்லது. இரண்டு மைக் செருகுகிற ஆடியோ இன்டர்ஃபேஸ், மைக்கின் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்புகிற பெட்டி அது. நான்கு ஹெட்போன், காதை முழுக்க மூடுகிற வகை. ஒருவர் பாட மூன்று பேர் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம். ஸ்பீக்கரை ஆறு மாதம் கழித்து வாங்கலாம். மைக் என்றால் பெரிய கண்டென்சர் மைக்தான் வேண்டும் என்று பையன்கள் அடம்பிடிப்பார்கள், யூடியூபில் அதைத்தான் பார்த்திருக்கிறார்கள். கண்டென்சர் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும் அழகாகப் பதிவு செய்யும். அதற்கு 48 வோல்ட் வேறு கொடுக்க வேண்டும், கடலோர ஈரக்காற்றும் அதற்கு ஆகாது. ஷ்யூர் எஸ்எம்58 மாதிரி ஒரு டைனமிக் மைக் வாங்குங்கள். 1966இல் வந்த மாடல் அது. கீழே விழும், எழுந்து பாடும். போலிகள் நிறைய இருப்பதால் பில்லோடு வாங்குங்கள்.

மென்பொருளுக்குக் காசு தேவையில்லை. ஆடாசிட்டியும் எல்எம்எம்எஸும் இலவசம். போனிலேயே பாட்டுப் போட பேண்ட்லேப் இருக்கிறது, அதுவும் இலவசம்தான். உங்கள் பிள்ளைகளில் யாராவது ஏற்கெனவே அதில் கெட்டிக்காரராக இருப்பார், விசாரித்துப் பாருங்கள். திருட்டு மென்பொருள் மட்டும் வேண்டாம். அதோடு வரும் வைரஸ் ஒரு வருடப் பாட்டைத் தின்றுவிடும்.

கேபிளுக்கும் மைக் ஸ்டாண்டுக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். இளைஞர் கூடத்தில் முதலில் உடைவது அவைதான். ஒரு சால்டரிங் அயர்னும் வாங்கிப்போடுங்கள். அறுந்த கேபிளைத் தானே பற்றவைக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பாட வராவிட்டாலும் இந்தத் தொழிலில் வேலை உண்டு.

மொட்டை மாடியில் பிள்ளைகள் பறை அடித்துப் பழகுகிறார்கள். ஸ்டூடியோ வந்தால் உள்ளே அடிக்கலாமா? பக்கத்து வீட்டுப் பாட்டி இப்போதே போலீசுக்குப் போவேன் என்கிறார்.
— ஒரு வாசகி, மதுரை

பறையைச் சின்ன அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். பறைக்கும் நல்லதில்லை, காதுக்கும் நல்லதில்லை. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பது தொழிலிடங்களுக்கான ஒரு கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் மிஞ்சுவது கால் மணி நேரம். நாலு சுவருக்குள் நாலு பறை சேர்ந்தால் 100 எல்லாம் சர்வ சாதாரணம். பறை திறந்த வெளிக்கென்றே பிறந்த வாத்தியம். மாடியிலோ மைதானத்திலோ அடிக்கட்டும், ஆறேழு அடி தள்ளி டைனமிக் மைக்கை வைத்துப் பதிவு செய்து, அதை அறைக்குள் கொண்டுவந்து குரல் சேருங்கள். சுற்றுப்புறத்தின் சத்தம் கொஞ்சம் கலந்து வந்தால் வரட்டுமே. அது மதுரைப் பறை என்று தெரியும். சிண்டுக்குச்சியின் சுள்ளென்ற அடியும் அடிக்குச்சியின் கனமும் தனித்தனியாக விழ வேண்டுமென்றால் தோலுக்கு நேர் எதிரே மைக்கை வைக்காமல் கொஞ்சம் சாய்த்து வையுங்கள்.

பாட்டி பக்கமும் நியாயம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். நம் தெருக்களில் பைக் போனாலே இந்த அளவு தாண்டிவிடும் என்பது வேறு கதை. நேரத்தை எழுதிக் கதவில் ஒட்டுங்கள். மார்ச் மாதம் பொதுத்தேர்வு நடக்கும்போது பறைக்கு விடுமுறை. தெருவில் துக்கம் என்றால் அந்த வீட்டாரைக் கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள். சில வீடுகளில் அன்றைக்குத்தான் பிள்ளைகளைக் கூப்பிட்டு அடிக்கச் சொல்வார்கள். முதல் பாட்டு ரெடியானதும் பாட்டியைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டிவிடுங்கள். சும்மா சொல்லவில்லை, புளியந்தோப்பில் நான் போய்வருகிற கூடத்தில் இப்போது பிள்ளைகளுக்குத் தாலாட்டும் ஒப்பாரியும் சொல்லிக்கொடுப்பவர் முன்பு கல்லெறிந்தவர்.

என் மகள் நன்றாகப் பாடுவாள். எங்கள் குடியிருப்பில் பையன்கள் ஒரு ரிக்கார்டிங் ரூம் ஆரம்பித்திருக்கிறார்கள். கேட்டால் 'யார் வேணும்னாலும் வரலாம்க்கா' என்கிறார்கள். ஆனால் ஒரு பெண் பிள்ளைகூடப் போவதில்லை. அனுப்பலாமா?
— ஒரு தாய், பெரும்பாக்கம்

நீங்கள் தயங்குவதற்குக் காரணம் பையன்களின் குணம் இல்லை, அறையின் அமைப்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. போய்ப் பாருங்கள். கதவு மூடினால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாத, ஜன்னல் இல்லாத, கறுப்புப் பெயின்ட் அடித்த ஒரு பெட்டி. வாசலில் பத்துப் பேர் பைக்கில் உட்கார்ந்திருப்பார்கள். கழிப்பறை கிடையாது. வேலை தொடங்குவதே இரவு எட்டுக்கு மேல். இப்படி ஒரு இடத்தை யாருக்கும் திறந்திருக்கிறது என்று சொல்லிக்கொள்வதில் என்ன இருக்கிறது?

நான் சாலிகிராமத்தில் ஒரு ரிக்கார்டிங் தியேட்டரில் உதவியாளராகச் சேர்ந்த காலத்தில் அங்கே பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. தண்ணீர் குடிக்காமலே நாளெல்லாம் வேலை பார்த்தோம். பாடகி வந்தால் மட்டும் முதலாளி வீட்டுச் சாவியை எடுத்துக் கொடுப்பார்கள். எந்த ஸ்டூடியோவின் வரைபடத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் அதைத்தான் தேடும்.

பையன்களிடம் இதைச் சொல்லுங்கள். கதவில் கண்ணாடி வேண்டும், பெரியதாக. ஆறும் பத்தும் மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு கண்ணாடியை நடுவில் இடைவெளி விட்டுப் பதித்தால் சத்தமும் அதிகம் போகாது, உள்ளே நடப்பது வெளியே தெரியும். ஒன்றின் தடிமன் இன்னொன்றுக்கு இருக்கக்கூடாது என்பது, இரண்டும் ஒரே சுருதியில் அதிர்ந்து சத்தத்தைக் கடத்தாமல் இருக்க. வாசலுக்கு வெளியே விளக்கும் ஒரு பெஞ்சும் போடட்டும். அம்மாக்கள், ஆயாக்கள் உட்கார. பைக் கூட்டம் தானாக நகர்ந்துவிடும். பூட்டோடும் தண்ணீரோடும் கழிப்பறை, நடக்கிற தூரத்தில். வாரத்தில் இரண்டு மாலை, பள்ளி விட்டதிலிருந்து ஏழு மணி வரை, பெண் பிள்ளைகளுக்கு மட்டும். அந்த நேரத்தில் மெஷினை இயக்குவதும் ஒரு பெண்ணாகவே இருக்க வேண்டும். ஆள் இல்லை என்பார்கள். உங்கள் மகள் கற்றுக்கொள்ளட்டும். பாடுகிற பெண்களுக்கு நம் ஊரில் பஞ்சமே இருந்ததில்லை. மிக்ஸரைத் தொட விட்டவர்கள்தான் குறைவு.

சாவி யாரிடம் என்பதையும் கேளுங்கள். ஒருவரிடம் மட்டும் இருந்தால் அது அவருடைய ரூம். வடசென்னையின் கேரம் கிளப்புகளில் சாவி ஒரு பையனிடம் ஒரு வாரம், அடுத்தவரிடம் அடுத்த வாரம் என்று சுற்றுவதைப் பார்த்திருக்கிறேன். காலையில் யார் திறந்தார்கள், என்ன உடைந்திருந்தது என்று ஒரு நோட்டு. இங்கே அந்த நோட்டில் பெண் பிள்ளைகளின் கையெழுத்தும் விழ ஆரம்பித்ததும் மகளை அனுப்புங்கள். முதல் நாள் நீங்களும் போய் அந்தப் பெஞ்சில் உட்காருங்கள்.

ஏசி அவசியமா?
— ஒரு வாசகர், வேலூர்

வேலூரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கிறீர்களே! ஸ்ப்ளிட் ஏசி போடுங்கள், டேக் எடுக்கும்போது அணைத்துவிடுங்கள். விண்டோ ஏசி இரைச்சலை அறைக்குள்ளேயே வைத்திருக்கும், அது வேண்டாம். ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது, மேலே சொன்ன காற்றுப் பெட்டியை மறக்காதீர்கள்.

அக்கா, எனக்கு 17 வயது. மன்றத்து ஸ்டூடியோவில் நான் எழுதிப் பாடின கானாவை அவர்கள் சேனலில் போட்டார்கள். நன்றாகப் போகிறது. இப்போது அது அவங்க பாட்டு என்கிறார்கள். சினிமா மெட்டில் பாடின இன்னொன்றை யூடியூப் பிடித்துவிட்டது. பாட்டு யாருக்குச் சொந்தம்?
— ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது, தம்பி. வரியும் மெட்டும் நீ போட்டது என்றால், எழுதி முடித்த நிமிடமே அது உன்னுடையது. எங்கும் போய்ப் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் பதிவான ஒலி தனிச் சொத்து. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் அதன் முதல் உரிமையாளர் தயாரிப்பாளர், அதாவது பதிவை முன்னெடுத்துப் பொறுப்பேற்றுச் செய்தவர். மன்றம் தன்னைத் தயாரிப்பாளர் என்று சொல்லிக்கொள்ள இடம் இருக்கிறது. உன் வரியை எடுத்துக்கொள்ள இடமில்லை. பாடினவன் என்ற முறையில் உனக்குத் தனி உரிமையும் உண்டு. சண்டை போடாமல் வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்து பேசு. எந்த மின்னஞ்சலில் அந்த சேனல் இருக்கிறது, காசு வந்தால் யார் கணக்குக்குப் போகும் என்று கேள்.

சினிமா மெட்டு விஷயத்தில் யூடியூப் சொல்வது சரிதான். கானாவில் சினிமா மெட்டை எடுத்து நம் வரியைப் போடுவது காலகாலமாக நடப்பது, தெருவில் பாடினால் யாரும் கேட்கமாட்டார்கள். இணையத்தில் ஏற்றினால் கேட்பார்கள். சொந்த மெட்டுப் போடு, உனக்கு வரும்.

மன்றங்கள் நடத்துகிறவர்களும் இதைப் படிப்பீர்கள். அறை திறப்பதற்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்: இங்கே பதிவாகும் பாட்டும் ஒலியும் பாடியவருக்கே சொந்தம், மன்றத்தின் பெயரை மட்டும் போட வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒப்பந்தம் போட்டு இரண்டு தரப்பும் கையெழுத்திட்டு வையுங்கள், பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோரும் போடட்டும். ராக்வுல் வாங்குவதற்கு முன்பே இதைச் செய்யலாம், செலவும் இல்லை.

குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்கு வேண்டியது டியூஷன். கானாவும் ராப்பும் அவர்களை ரவுடி ஆக்கத்தானே பயன்படும்?
— ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி

ஐயா, டியூஷனும் நடக்கட்டும். அதே அறையில் காலையில் நடத்தலாம், சத்தமில்லாத அறை படிப்புக்கும் உதவும். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் ஒரு பதினெட்டு வயதுப் பையன் ரிக்கார்டு போட்டான். அவன் தங்கை வாசலில் நின்று பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் என்று டிக்கெட் வசூலித்தாள். பள்ளி திறப்பதற்குள் புதுத் துணி வாங்கத்தான் அந்த வசூல். கூல் ஹெர்க் என்ற அந்தப் பையனின் பார்ட்டியைத்தான் ஹிப்ஹாப்பின் பிறந்தநாள் என்கிறார்கள். குடியிருப்பில் ஒரு பொது அறை இருந்தது, பிள்ளைகளுக்கு அதை வாடகைக்குக் கொடுத்தார்கள். நம் வாரியக் குடியிருப்புகளில் அப்படி எத்தனை அறைகள் பூட்டிக் கிடக்கின்றன என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள், அடுத்த இதழில் உங்கள் கடிதத்தையே முதலில் போடச் சொல்கிறேன்.

வீட்டில் பழைய கீபோர்டு ஒன்று சும்மா கிடக்கிறது. ஏதாவது கூடத்துக்குக் கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, கோவை

தாராளமாக. அடாப்டரையும் சேர்த்துக் கொடுங்கள். அடாப்டர் இல்லாமல் வந்த கீபோர்டுகள் ஒவ்வொரு கூடத்திலும் நாலைந்து மூலையில் நிற்கின்றன.